நின்ற வண்டியை நம்பாதீர்: டிராக்டர் மருந்துத் தெளிப்பானைப் பாதுகாப்பாக இயக்குதல்

டிராக்டர் பின்னால் இழுத்துச் செல்லும் மருந்துத் தெளிப்பானை வாங்கவோ வாடகைக்குப் பிடிக்கவோ போகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியானவைதாம்: டாங்க் எத்தனை லிட்டர், நாசில்களைத் தாங்கும் பூம் எத்தனை அடி, ஒரு நாளைக்கு எத்தனை ஏக்கர் ஓடும், எத்தனை ஹெச்.பி. டிராக்டர் இதை இழுக்கும். எல்லாம் வண்டி ஓடுகிற நேரத்தைப் பற்றிய கேள்விகள். பாதுகாப்புப் பேச்சும் அதே தடத்தில்தான் போகிறது: வேகம் வேண்டாம், மேட்டில் திருப்பாதே, மட்கார்டில் ஆளை ஏற்றாதே. இவை தேவையான எச்சரிக்கைகள்தாம். ஆனால் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து நேராக ஓட்டிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் விசையைத் தெளிப்பானுக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்டும் மருந்தும் அவருக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன. இறங்கிய மறுகணம் இரண்டும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. கொக்கி மாட்டுவது, டாங்க் நிரப்புவது, அடைத்த நாசிலைக் கழற்றுவது, பூமை மடக்குவது, வேலை முடிந்து கழுவுவது ஆகிய ஐந்தும் வண்டி நிற்கும்போது செய்கிற வேலைகள். ஷாஃப்டாலும் மருந்தாலும் வரும் ஆபத்தின் பெரும்பங்கு இந்த ஐந்தில்தான் இருக்கிறது. ஆகவே தெளிப்பானைப் பாதுகாப்பாக இயக்குவது என்றால் முதலில் அதைச் சரியாக நிறுத்தத் தெரிவது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் இந்த இயந்திரம் இரண்டு விதமாக வேலை செய்கிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழையை நம்பி உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் போடுகிறார்கள். 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு அந்தப் பருவத்திலேயே இங்குள்ள மக்காச்சோளத்தையும் பிடித்தது; அதன் பிறகு மருந்தடிக்க வேண்டிய தடவை கூடியது, முதுகில் தெளிப்பான் சுமந்து நடக்க ஆள் கிடைப்பது குறைந்தது. அங்கே டிராக்டர் வயலுக்குள் ஓடிக்கொண்டே அடிக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில், ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வாழைத் தோட்டங்களில் கதை வேறு. வாழைக்கு இடையே டிராக்டர் நுழையாது. வண்டி வரப்போரத்தில் நிற்கும், பி.டி.ஓ. இயக்கத்தில் ஹெச்.டி.பி. என்ற உயர் அழுத்த பம்ப் ஓடும், நீண்ட ஹோஸை இழுத்துக்கொண்டு ஒருவர் தோட்டத்துக்குள் போய் அடிப்பார். இங்கே வண்டி நாள் முழுக்க நின்றபடியேதான் வேலை செய்கிறது. பார்க்கிறவருக்கு அது சும்மா நிற்கிற வண்டி. அதன் பின்புறத்தில் ஷாஃப்ட் சுழல்வது யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

அந்தச் சுழற்சியின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று. ஷாஃப்டின் முனையில் கிராஸ் மாட்டியிருக்கும் பகுதியின் குறுக்களவைக் குறைத்து 8 சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு சுற்றுக்கு 25 சென்டிமீட்டர் துணி சுற்றும். ஒரு நொடிக்கு இரண்டேகால் மீட்டர். தைத்த கைலியின் மொத்தச் சுற்றளவே ஏறக்குறைய 2 மீட்டர்தான். நுனி சிக்கினால் ஒரு நொடியில் முழுக் கைலியும் போய்விடும். ஆபத்தைக் கண் பார்த்து உடம்பு பின்வாங்க முக்கால் நொடியாவது வேண்டும். அதற்குள் ஷாஃப்ட் ஆறு சுற்றைத் தாண்டியிருக்கும். துணி கிழிந்தால் ஆள் பிழைப்பார். கிழியாத துணி ஆளையும் சேர்த்து இழுக்கும். கழுத்தில் கிடக்கும் துண்டு, சேலை முந்தானை, தொங்கும் அரைஞாண் கயிறு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். எனவே தெளிப்பானிடம் போகிறவர் கால்சட்டையும் உடம்போடு ஒட்டிய சட்டையும் போட்டிருக்க வேண்டும். துண்டை வண்டியிலேயே வைத்துவிட வேண்டும்.

ஷாஃப்டின் மேல் வரும் பிளாஸ்டிக் கவரைக் கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று கழற்றி எறிபவர்கள் பலர். கவர் இருந்தும் அது செத்துப்போயிருப்பது அதைவிட மோசம். கவரை ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றவிடாமல் பிடித்துக்கொள்வது ஒரு சின்னச் சங்கிலி. கடலோரத்து உப்புக்காற்றில் அந்தச் சங்கிலி துருப்பிடித்து அறுந்துபோகும். வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கும். உள்ளே இருக்கும் வளையம் ஷாஃப்டோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு கவரும் ஷாஃப்டும் ஒன்றாகச் சுற்றும். சோதிப்பது எளிது: எஞ்சின் அணைந்திருக்கும்போது, சங்கிலியை ஒரு நிமிடம் கழற்றி, கவரைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஷாஃப்ட் அசையாமல் கவர் மட்டும் தாராளமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் அன்றைக்கு வேலையைத் தொடங்கக் கூடாது. முள்ளக்காடு, ஆறுமுகநேரி, வேப்பலோடை போன்ற உப்பளத்தை ஒட்டிய ஊர்களில் இந்தச் சோதனையை மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்திருந்தால் போதாது, வாரத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும். கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்கள் பெருகியதால்தான் 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கதிர் கொடுக்கும் வாயைக் கை எட்டாதபடி அமைத்தாக வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வலுத்தது. உழைப்பவரின் கவனத்தை மட்டும் நம்பி இயந்திரத்தை விட்டுவிடக் கூடாது என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். தெளிப்பானின் கவருக்கும் அது பொருந்தும்.

இனி மருந்தின் பக்கம். டிராக்டரில் உட்கார்ந்து அடிப்பவருக்கு விஷம் ஏறாது, முதுகில் சுமப்பவருக்குத்தான் ஏறும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த தொழிலாளர்கள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடிக்குள் நடந்து அடித்தது, பல மருந்துகளைக் கலந்து அடித்தது, காப்பு உடை இல்லாதது என்று காரணங்கள் பேசப்பட்டன. இதைப் படிக்கிற டிராக்டர்காரர், இது நமக்கில்லை என்று நிம்மதி அடையலாம். அந்த நிம்மதியில் பாதி நியாயம் உண்டு. தெளிக்கும் நேரத்தில் அவருக்குப் படும் மருந்து குறைவுதான். ஆனால் டாங்க் பெரிதானால் ஒரே தடவையில் கலக்கும் மருந்தும் பெரிது. புரபனோபாஸ் 50 ஈ.சி. மருந்தை லிட்டருக்கு 2 மில்லி கலப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் பாட்டிலில் இருப்பது தெளிப்பு நீரைவிட 500 மடங்கு வீரியம். கலக்கும்போது கையில் சிந்தும் 10 மில்லி, 5 லிட்டர் தெளிப்பு நீரைக் கையில் ஊற்றிக்கொண்டதற்குச் சமம். நாள் முழுக்கத் தெளித்தாலும் படாத அளவு அந்த ஒரு நிமிடத்தில் பட்டுவிடும். பாட்டில் மேலே இருக்கும் முக்கோணத்தைப் பார்ப்பதும் அந்த நிமிடத்துக்காகத்தான்: சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சையும் விஷம்தான்.

கலக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. டாங்கில் பாதித் தண்ணீர் முதலில். டாங்குக்குள் இருக்கும் கலக்கி ஓடத் தொடங்கிய பிறகு, வாளியில் கரைத்த மருந்து. பிறகு மீதித் தண்ணீர். கலக்கி ஓடுகிறது என்றால் ஷாஃப்டும் ஓடுகிறது. ஆகவே டிரைவர் இருக்கையிலேயே இருக்க, மருந்து ஊற்றுபவர் ஷாஃப்ட் பக்கம் நிற்காமல், காற்று முதுகில் படும்படி, டாங்கின் மறுபக்கம் நிற்க வேண்டும். தண்ணீர் விடும் ஹோஸின் நுனி டாங்கின் தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. ஒரு சாண் மேலே நிற்க வேண்டும். மூழ்கியிருக்கும்போது மோட்டார் நின்றால் டாங்கிலுள்ள மருந்து அதே ஹோஸ் வழியாகக் கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ திரும்பிப் போகும். அந்த வாய்க்காலின் கீழ்ப்புறத்தில் குடிக்கிற வாய்கள் இருக்கின்றன.

நாசில் அடைப்பு சின்னத் தொல்லைபோலத் தெரியும். அதுதான் டிரைவரை அடிக்கடி கீழே இறக்குகிறது. கண்மாய்த் தண்ணீரில் வண்டல், கடலோர போர்வெல் தண்ணீரில் உப்பு, இரண்டும் நாசிலை அடைக்கும். ஷாஃப்டை நிறுத்தாமல் இறங்கி, பிரஷர் இருக்கும்போதே நாசிலைத் திருகுகிறார்கள், முகத்தில் அடிக்கிறது. கழற்றிய நாசிலை வாயில் வைத்து ஊதுகிறார்கள். விஷத்தை நேராக உதட்டில் வைக்கிற இந்தப் பழக்கம் ஒன்றை விட்டாலே பாதி நன்மை. மாற்று வழி எளிது: பையில் சுத்தமான நாசில் நான்கு எப்போதும் இருக்கட்டும். அடைத்ததைக் கழற்றி மாற்றிவிட்டு ஓட்டுங்கள். அடைத்ததை மாலையில் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்க்கலாம். கம்பியோ ஊசியோ விட்டால் துவாரம் பெரிதாகி மருந்து கூடுதலாக விழும். டாங்க் வாயில், பம்புக்கு முன்னால், நாசிலுக்குள் என்று மூன்று இடத்தில் வடிகட்டி இருந்தால் இறங்க வேண்டிய தடவையே குறையும். பாதுகாப்புக்குச் செலவழிக்க ஒரு நூறு ரூபாய்தான் இருக்கிறது என்றால் அதை வடிகட்டிக்குச் செலவழியுங்கள். ஹெச்.டி.பி. பம்ப் வைத்திருப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் அழுத்தத்தில் ஹோஸின் ஊசித் துளை வழியாகப் பாயும் நீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். கசிவைக் கையால் பொத்திப் பார்க்கக் கூடாது. பட்டுவிட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

கொக்கி மாட்டுவதும் பூம் விரிப்பதும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. டிராக்டர் பின்னோக்கி வரும்போது, தெளிப்பானுக்கும் டிராக்டருக்கும் நடுவில் நின்று பின்னைப் பிடித்துக்கொண்டு "வா, வா" என்று சொல்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. கிளட்சிலிருந்து கால் நழுவினால் நடுவில் நிற்பவருக்கு ஒதுங்க இடம் கிடையாது. உதவியாள் பக்கவாட்டில், டிரைவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்கட்டும். வண்டி நின்று, பிரேக் போட்டு, எஞ்சின் அணைந்து, தெளிப்பான் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகு நடுவில் வரட்டும். பூம் விரிக்குமுன் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். கயத்தாறு பக்கம் காற்றாலைகளுக்காகவும் பம்புசெட்டுகளுக்காகவும் போன மின்கம்பிகள் வயலுக்கு மேலே அங்கங்கே தொய்ந்து கிடக்கின்றன. மடக்கிய பூம் மேல்நோக்கி நிற்கும் வண்டி என்றால் கம்பி எட்டும் உயரத்துக்கு அது போய்விடும். விரிக்கும் இடத்தைக் கம்பி இல்லாத மூலையில் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவையும் ஒரே விதியில் அடக்கலாம்: டிரைவர் இறங்குமுன் பி.டி.ஓ.வைத் துண்டித்து, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு வரும் முதல் மறுப்பு நேரத்தையும் பேட்டரியையும் பற்றியது. அணைத்தால் மறுபடி செல்ஃப் எடுக்காது என்பார்கள். ஒரு நாளில் 20 முறை இறங்கினாலும், முறைக்கு ஒரு நிமிடம் என்றால் 20 நிமிடம்தான் போகும். செல்ஃப் எடுக்காத வண்டி என்றால், அவசரத்துக்கு நிறுத்தவே பயப்படுகிற வண்டி என்று பொருள். அதை முதலில் சரிசெய்த பிறகுதான் மருந்து வேலைக்குக் கொண்டுவர வேண்டும். கலக்கி நின்றால் மருந்து அடியில் படியும் என்பது இரண்டாவது மறுப்பு. தூள் மருந்துகளுக்கு இது உண்மை. கிளப்பியதும் நாசிலைத் திறக்காமல் சில நிமிடம் கலக்கியை மட்டும் ஓடவிட்டால் படிந்தது மீண்டும் கலந்துவிடும். மூன்றாவது மறுப்புதான் கனமானது: வாழைத் தோட்டத்தில் ஷாஃப்ட் ஓடினால்தான் ஹோஸில் தண்ணீர் வரும், அங்கே என்ன செய்வது? அங்கே விதியைச் சற்று மாற்றித்தான் ஆக வேண்டும். வண்டியைச் சுற்றி நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். ஷாஃப்ட் ஓடும்வரை கயிற்றுக்குள் டிரைவரைத் தவிர யாரும் வரக் கூடாது. டிரைவர் வண்டியை விட்டுப் போகக் கூடாது. உள்ளே அடிப்பவர் விசில் ஊதினால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

இப்படி ஒருவர் காவல் நிற்பது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. 1961ஆம் ஆண்டோடு மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. அதுவரை, கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் மூழ்கினால், கயிற்றைப் பிடித்தபடி தோணியில் நம்பிக்கையான இன்னொருவர் நிற்பார். அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கிடையாது. ஓடும் பம்பின் அருகில் நிற்கும் டிரைவருக்கும் அதே கடமைதான்.

வெயிலைப் பற்றிய மறுப்பு நியாயமானது. இந்த ஊர் வெயிலில் கையுறை, ஏப்ரன், முகமறைப்பு எல்லாம் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்தால் மருந்துக்கு முன் வெப்பம் ஆளை விழுத்திவிடும். ஆனால் ஆபத்து எந்த நிமிடத்தில் குவிந்திருக்கிறது என்று தெரிந்தால் காப்பையும் அங்கேயே குவிக்கலாம். கலக்கும் ஐந்து நிமிடத்துக்கு நைட்ரைல் கையுறை, ஏப்ரன், கண்ணை மறைக்கும் முகமறைப்பு எல்லாம் கட்டாயம். அந்த வேலையை மர நிழலில் வைத்துக்கொள்ளலாம். ஓட்டும்போது முழுக்கைப் பருத்திச் சட்டையும் கால்சட்டையும் ரப்பர் பூட்ஸும் போதும். பத்திருபது வருடமாக இப்படித்தான் அடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்பவருக்கும் பதில் உண்டு. புரபனோபாஸ் போன்ற மருந்துகள் நரம்புக்குத் தேவையான ஒரு நொதியை முடக்குகின்றன. அது மீண்டும் ஊறப் பல நாள் ஆகும். அடுத்தடுத்த நாள் அடிப்பவருக்குக் குறை சேர்ந்துகொண்டே போகும். திங்கட்கிழமை ஒன்றும் செய்யாத அளவு வெள்ளிக்கிழமை கீழே தள்ளலாம். கண்பாவை சுருங்குதல், எச்சில் வழிதல், வியர்த்துக் கொட்டுதல், வாந்தி, தசை துடித்தல் தெரிந்தால் அடித்தது போதும். துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108ஐ அழைத்து, பாட்டிலின் லேபிளோடு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்க வைப்பதும் பால் கொடுப்பதும் வேண்டாம்.

காற்று சரியில்லாதபோது வண்டியைக் கிளப்பாமல் நிறுத்தி வைப்பதும் இயக்குவதில் ஒரு பகுதிதான். இந்தியாவில் முதல் காற்றாலைத் தொகுப்புகள் எழுந்த 1986லேயே முள்ளக்காட்டில் ஒன்று வந்தது. காற்று இங்கே அவ்வளவு உறுதியானது. அந்தக் காற்றுக்கு மின்சாரமும் மருந்தும் ஒன்றுதான். 100 மைக்ரான் அளவுள்ள துளி, பயிருக்கு அரை மீட்டர் மேலிருந்து விழ ஏறத்தாழ 2 நொடி ஆகும்; நொடிக்கு 3 மீட்டர் காற்றில் அது 6 மீட்டர் தள்ளிப் போய்விடும். பூம் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் 12 மீட்டர். அதைவிடச் சிறிய துளிகள் இன்னும் தூரம் போகும். பக்கத்து உப்பளத்தில் நாள் முழுக்கத் திறந்த வெளியில் நிற்பவர்கள் மேல் அது விழும். ஆகவே பூமைத் தாழ்த்துங்கள், துளியைப் பெரிதாக்குங்கள், முற்பகலில் கடல்காற்று எழுமுன் முடித்துவிடுங்கள். காற்றே இல்லாத விடியற்காலைதான் சிறந்தது என்று பலர் நம்புகிறார்கள். அசைவில்லாத குளிர்ந்த காற்றில் நுண்துளி கீழே இறங்காமல் புகைபோல மிதந்து நிற்கும். லேசாகத் திசை தெரிந்த காற்று அதைவிட மேல். அடுப்புப் புகை மேலே போகாமல் படுத்துக் கிடந்தால் இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

கடைசி வேலை கழுவுவது. அலுத்துப்போன மாலையில் டாங்கைக் கண்மாய்க் கரையிலோ ஓடையிலோ திறந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. இங்குள்ள ஓடையும் ஆறும் கடைசியில் மன்னார் வளைகுடாவில்தான் சேர்கின்றன. தாமிரபரணி புன்னக்காயலில் கலக்கிறது. பூச்சிக்கு நாம் அடிக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. காலிப் பாட்டிலை மூன்று முறை அலசி, அலசிய நீரை டாங்கிலேயே ஊற்றி, பிறகு டாங்கையும் நல்ல தண்ணீர் விட்டு அலசி, அந்த நீரை அடித்த வயலிலேயே தெளித்துவிடலாம். காசு கொடுத்து வாங்கிய மருந்தும் வீணாகாது. மீதி மருந்தை உயரமான அலமாரியில் பூட்டி வையுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்படி ஒரு வெள்ளம் தரையில் வைத்த பாட்டிலை ஊர் முழுக்கக் கொண்டுபோகும்.

ஓட்டத்தில் ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. பாதி நிரம்பிய டாங்கின் தண்ணீர் திருப்பத்தில் ஒரு பக்கம் சாயும். 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன். ஆகவே வண்டியைக் கண்மாய்க் கரையில் ஏற்றாதீர்கள். கொக்கியைப் பின் அச்சுக்கு மேலே மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கும். தாழ்ந்த இழுவைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் இருட்டிய பின் பிரதிபலிப்பான் இல்லாமல் போகக் கூடாது. இவற்றைப் பெரும்பாலான டிரைவர்கள் ஏற்கெனவே அறிவார்கள், பயப்படவும் செய்கிறார்கள். நின்ற வண்டிக்கு யாரும் பயப்படுவதில்லை. அதனால்தான் அதற்கு இத்தனை பக்கம்.

மீதி இருப்பது ஒரு ஒப்பந்தம். வாடகை வண்டிக்கு ஏக்கர் கணக்கில் கூலி பேசினால், எஞ்சினை அணைக்கும் ஒவ்வொரு நிமிடமும் டிரைவருக்கு நட்டம். அவர் அணைக்க மாட்டார். மணிக் கணக்கில் பேசுங்கள். முதல் நாள், மருந்தே இல்லாமல் வெறும் தண்ணீரில் அரை ஏக்கர் ஓட்டிப் பாருங்கள்: கசிவு எங்கே, எந்த நாசில் கூடுதலாக விடுகிறது, டிரைவர் எத்தனை முறை இறங்குகிறார், ஒவ்வொரு முறையும் சாவி எங்கே இருக்கிறது. அந்தக் கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் வந்த பிறகு மருந்துப் பாட்டிலைத் திறக்கலாம்.